மாலையோடு வந்த பாட்டுக்காரர்கள்

வீட்டுச் சொந்தக்காரர் வேலு செத்துப்போனார் என்று கலையரசி வாய் திறந்து சொல்லவில்லை. 'ம்' என்றாள், அவ்வளவுதான். பிற்பாடு அந்த வித்தியாசத்தை, ஆற்றோடு போகிறவள் நாணலைப் பிடிப்பதுபோலப் பிடித்துப் பார்த்தாள். அது வேரோடு கையில் வந்துவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருந்த சனிக்கிழமை அது. கலையரசி வேலை பார்க்கும் கூட்டுறவுச் சங்க அலுவலகத்துக்கு விடுமுறை. கணவன் தென்னரசுக்கு ராணிப்பேட்டைத் தொழிற்சாலையில் ஷிப்டு, மகள் சுகன்யா வேலூரில் ஹாஸ்டல். ஆரணியை ஒட்டிய சேவூரில், வேலு வீட்டுப் பின்போர்ஷனில் அவளும் அவள் அம்மா அம்மணியும் மட்டும்தான் இருந்தார்கள். அம்மா படவேட்டுக்காரி. ஒரு மாதத்துக்கு முன் வாழைத்தோப்பு வேலைக்குப் போன இடத்தில் வரப்பு வழுக்கிக் கணுக்கால் முறிந்தது. அன்றிலிருந்து மாவுக்கட்டோடு மகள் வீட்டில் இருக்கிறாள்.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவின ஈரத்தோடு அம்மா சொன்னாள்.

"சாயந்தரம் ஏழு மணிக்கு நம்ம ஊட்டுக்குக் கேரல்ஸ் வருது."

"எந்த வீட்டுக்கு?"

"இந்த ஊட்டுக்குத்தான். நம்ம சபை பன்னீருக்குப் போன் போட்டு சொல்லிட்டேன். அட்ரசு சொன்னா அவனே சிரிக்கறான். வேலு தறிக்காரர் வீடா, மோட்டாரு ரிப்பேருக்கு வந்துகீறேன், தெரியும்னான்."

"என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியேம்மா."

"கேட்டா வேணாம்ப. அதான் கேக்கல," என்றாள் அம்மணி. கோபமில்லை, குத்தலுமில்லை. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

கலையரசி தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கழுவின தட்டையே இன்னொரு தரம் கழுவினாள்.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பாட வருகிறவர்கள் வந்ததும் பாடிவிட மாட்டார்கள். வாசலில் நின்று மேளத்தில் ஒரே ஒரு தட்டுத் தட்டி, "இது யார் வீடு?" என்று தலைவர் தெருவுக்கே கேட்கிற மாதிரிக் குரல் கொடுப்பார். வீட்டில் இருப்பவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பெயரை, ஞானஸ்நானப் பெயரோடு சேர்த்து, உரக்கச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் அந்த வீட்டில் யாராவது இறந்திருந்தால் அவர் பெயரையும் சொல்ல வேண்டும். உயிரோடு இருப்பவர்கள் வரிசையில் அவருக்கும் ஓர் இடம், கடைசியாக ஒரு தரம். அடுத்த வருஷம் அந்தப் பெயரைக் கூப்பிட மாட்டார்கள்.

கலையரசியின் அப்பா துரைக்கண்ணு போன மாசியில் இறந்துபோனார். நாற்பது வருஷம் படவேட்டில் அந்த மேளத்தைத் தட்டியவர் அவர். இந்தக் கிறிஸ்துமஸைத் தவறவிட்டால் அவர் பெயர் எந்த வாசலிலும் ஒலிக்காது. ஊர் வீடு பூட்டிக் கிடக்கிறது, அம்மா ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது. இருக்கிற வாசல் இது ஒன்றுதான்.

இதெல்லாம் கலையரசிக்குத் தெரியாததா? தெரிந்துதான் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து வருஷத்துக்கு முன் வீடு தேடி வந்தபோது வேலுவின் மனைவி ரேணுகாம்பாள் கேட்ட முதல் கேள்வி, "சொந்த ஊரு எது?" என்பது. படவேடு என்றதும் அந்த அம்மாளின் முகம் விளக்கேற்றியதுபோல ஆகிவிட்டது. "எங்கம்மா கோயில் இருக்கற ஊராச்சே! அவ பேருதாங்க எனக்கு வெச்சிருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, காபி டம்ளரை நீட்டிக்கொண்டே, "ஊருக்குள்ளயா, தள்ளியா?" என்று கேட்டாள். தள்ளி என்றால் காலனி. கலையரசி டம்ளரை வாங்கிக்கொண்டு, "பஸ் ஸ்டாண்டு பக்கத்துலக்கா," என்றாள். அது பொய்யில்லை. காலனியிலிருந்து பார்த்தால் பஸ் ஸ்டாண்டு தெரியும்.

அந்த ஒரு வாய்க் காபியோடு விழுங்கினதுதான். அதற்குப் பிறகு ஆடி மாசம் தவறாமல் படவேட்டுக் கோயில் குங்குமம் வாங்கி வந்து ரேணுகாம்பாளிடம் கொடுத்தாள். வேதாகமம் பீரோவில் புடவைகளுக்கு அடியில் போயிற்று. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் "அம்மா வீட்டுக்கு" பஸ் ஏறி, மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு திரும்பினாள். சாதிச் சான்றிதழில் இந்து என்றுதான் இருக்கிறது, பாதிச் சபை அப்படித்தான் இருக்கிறது, அதில் அவளுக்குத் தனியாக ஒரு உறுத்தலும் இல்லை. ஆனால் அம்மா வந்த இந்த ஒரு மாதமாக, சாயங்காலம் அம்மா ஜெபத்துக்குக் கண்ணை மூடியதும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தி டிவி சத்தத்தைக் கூட்டினாளே, அது உறுத்தியது. அம்மா ஒரு நாளும் ஏன் என்று கேட்கவில்லை. டிவி சத்தத்துக்கு மேல் கேட்கும்படி ஆண்டவரிடம் பேசப் பழகிக்கொண்டாள்.

எல்லாவற்றையும் விட அந்தப் பாட்டு. அப்பா கட்டின பாட்டு. பன்னீர்செல்வம் அதே காலனியில் அப்பாவிடம் மேளம் கற்றுக்கொண்டு ஆரணிக்கு வந்து எலெக்ட்ரிக் வேலை பார்க்கிறவர். இப்போது இங்கே சபைக் காரியதரிசி. அவர் வந்தால் அதைப் பாடாமல் போக மாட்டார்.

கண்ணமங்கலத்துல கடைசி பஸ்ஸ வுட்டாங்க – மூணு
ஞானிமாருங்க நட நடன்னு நடந்தாங்க
ஊருக்குள்ள போயிப் பார்த்தாங்க, ஒளியக் காணலியே – நம்ம
காலனி மேல நின்னுது பாரு, நட்சத்திரம் நகரலியே!

சின்ன வயதில் 'காலனி மேல' என்ற இடம் வரும்போது அவள்தான் எல்லாரையும் விடச் சத்தமாகக் கத்துவாள். அப்பா மேளத்தைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டுவார். நட்சத்திரம் நின்ற இடத்தில் பிறந்தவள் என்ற பெருமை அவளுக்குப் பத்து வயது வரைக்கும் இருந்தது. எந்த வருஷம் போயிற்று என்று யோசித்தால் சொல்லத் தெரியவில்லை. தோடு போடாத காதுத் துளை தூர்ந்துபோவதுபோலப் போயிருக்கிறது.

நாலரை மணிக்குப் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள்.

"சொல்லு தங்கச்சி. மேளத்தக் காய வெச்சிகினு இருக்கேன். உங்கப்பா மேளம்தான்," என்றார் பன்னீர்செல்வம்.

"அண்ணே, இன்னிக்கு வராதீங்கண்ணே."

"ஏம்மா? அம்மாவுக்கு எதுனா...?"

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. வீட்டுக்காரங்க வீட்ல ஒரு சாவு. மேளம் கீளம் வெச்சா நல்லா இருக்காது."

காஞ்சிபுரத்தில் ஒரு தூரத்துச் சித்தப்பா என்று சொல்லத்தான் தயார் செய்து வைத்திருந்தாள். சொல்வதற்குள் அவர் பதறிவிட்டார்.

"அடடா! யாரு, வேலுவா? ரெண்டு மாசம் முன்ன நெஞ்சு வலின்னு ஸ்டென்ட் வெச்சிகினு வந்தாரே, அவரா?"

"ம்," என்றாள் கலையரசி.

"தங்கமான மனுசன்மா. வேலை முடிச்சா காசோட ஒரு டம்ளர் மோரும் கொடுத்துதான் அனுப்புவாரு. எப்ப?"

"மத்தியானம்."

போனை வைத்த பிறகும், சொல்லாமல் விட்ட அந்தச் சித்தப்பா வாய்க்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார். மறுபடி கூப்பிட்டு வேலு இல்லை, வேறு ஆள் என்று சொல்லிவிடலாம். விரல் அந்தப் பெயர் மேல் நின்றது. சொன்னால், அப்படியா நல்லது, சின்னச் சாவுதானே, மேளம் இல்லாமல் வந்து போகிறோம் என்பார். விரலை எடுத்துவிட்டாள். ஒரு பெரிய சாவுதான் ஒரு பாட்டைத் தடுக்கும் என்று அவளுடைய புத்தியில் யாரோ எழுதி வைத்ததுபோல இருந்தது.

கீழே அம்மா பழுப்புச் சிவப்புப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, தலைவாரி, பவுடர் போட்டு உட்கார்ந்திருந்தாள். கட்டிலில் உட்கார்ந்தபடியே கொசுவம் வைத்துக் கட்டியிருந்ததால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது.

"பன்னீர் அண்ணனுக்குத் தொண்டை கட்டிக்கிச்சாம்மா. இன்னொரு நாள் வரேன்னாரு."

அம்மணி மகளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்க்கவில்லை.

"சரி," என்றாள். புடவையை மட்டும் மாற்றவில்லை.

ஆறு மணிக்குக் கலையரசி, முன்வாசலுக்குப் போகும் சந்தில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தபோது வேலு வந்தார். மேலுக்கு ஒன்றுமில்லாமல் தோளில் துண்டோடு, கையில் நாலு கொய்யாப்பழத்தோடு வந்தார். அன்றைக்கு நெய்த பாவு முடிந்து தறி ஓய்வாக இருந்ததில் ஆள் குஷியாக இருந்தார்.

"அம்மாவுக்குக் குடும்மா. மெல்ல முடியலன்னா நறுக்கிக் குடு. எனக்கு டாக்டரு உப்பு மொளகா தொட்டுத் தின்னக் கூடாதுன்னுட்டான். உப்பில்லாத கொய்யா, தாலி கட்டாத கல்யாணம் மாரி கீது."

அவர் சிரித்தபோது நெஞ்சு ஏறி இறங்கியது. கலையரசி அந்த நெஞ்சையே பார்த்தாள். நரைத்த முடிக்கு நடுவில் ஒரு ருத்திராட்சக் கொட்டை அதோடு சேர்ந்து ஏறி இறங்கியது. பழத்தை வாங்கிய கையில் அவருடைய கைச் சூடு ஒட்டிக்கொண்டது. "என்னம்மா, முகம் ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு? ஆபீசுல பேஜாரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அப்போதாவது பன்னீர்செல்வத்தைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. இன்னும் ஒரு மணி நேரத்தில் ஏழு ஆகிவிடும், ஏழு கடந்துவிட்டால் எல்லாம் கடந்துவிடும் என்று நினைத்தாள். பொய்க்குக் கால் இல்லை, அது வீட்டைத் தாண்டிப் போகாது என்று நினைத்தாள்.

அவள் மறந்துபோன ஒன்று உண்டு. மறந்ததா, அத்தனை வருஷம் ஒதுங்கி இருந்ததில் உதிர்ந்துபோனதா தெரியவில்லை. சபையார் பாடப் போகிற தெருவில் சாவு விழுந்திருந்தால் பாட்டை நிறுத்திவிட்டுச் சும்மா போய்விட மாட்டார்கள். எந்த மதமானாலும் முதலில் அந்த வீட்டு வாசலில் போய் நின்று ஒரு ஜெபம் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவார்கள். அதை ஆரம்பித்து வைத்ததே அவள் அப்பாதான்.

ஏழு மணிக்கு முன்வாசலில் நாய் குரைத்தது. பிறகு வேலுவின் குரல்.

"வாங்க வாங்க. யாருக்குங்க மாலை?"

கலையரசி சந்து வழியே ஓடினாள். சந்து முனையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

தெருவிளக்கு வெளிச்சத்தில் ஒரு இருபது பேர் நின்றார்கள். ஆண்களும் பெண்களும், எல்லாரும் மௌனமாக. கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவர் முகமூடியைக் கழற்றி மரியாதையாகக் கக்கத்தில் வைத்திருந்தார். மேளத்தின் மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. முன்னால் பன்னீர்செல்வம், இரண்டு கையிலும் ஓர் ஆள் உயர ரோஜா மாலையை ஏந்திக்கொண்டு, வாய் பாதி திறந்தபடி, கதவைத் திறந்த பிணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பன்னீரு? நீயாப்பா? இன்னாய்யா இது, மோட்டாரு நல்லாத்தானே ஓடுது, அதுக்கா மாலை?" என்றார் வேலு.

"அண்ணே... நீங்க... நல்லா இருக்கீங்களா?"

"நல்லாத்தான் கீறேன். ஏன்?"

பின்னால் ஒரு பெண் "ஸ்தோத்திரம்" என்று முணுமுணுத்தாள். தாத்தா வேஷக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் முகமூடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

ரேணுகாம்பாள் உள்ளேயிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மாலையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அவள் கை தானாகக் கழுத்துச் சரட்டுக்குப் போயிற்று.

"இது சாவு மாலைல்ல?"

பன்னீர்செல்வத்தின் கண் ஒரு கணம் சந்து முனைக்கு வந்தது. கலையரசியைக் கண்டுகொண்டது. உடனே திரும்பிக்கொண்டார். அந்த மனிதருடைய முகத்தில் எல்லாம் ஓடி முடிந்ததை அவள் பார்த்தாள். யார் சொன்னது, எதற்காகச் சொன்னது, யாருடைய பெண் சொன்னது, எல்லாம்.

"மன்னிக்கணும்க்கா. தப்பு எங்க மேலதான். வீடு மாறி வந்துட்டோம். வேற தெருவு," என்றார்.

அப்படியே விட்டிருக்கலாம். அவர் பழியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார். இருபது பேரும் இருட்டில் திரும்பிப் போயிருப்பார்கள். வேலு இதை ஒரு மாதம் தறியில் உட்கார்ந்து சொல்லிச் சிரித்திருப்பார். நாளைக்கும் ரேணுகாம்பாள் கீரையைக் கிள்ளிக்கொண்டு வந்து கலையரசியிடம் கொடுத்திருப்பாள். ஆனால் அப்பாவின் மேளத்தைப் போர்த்திய துண்டு ஒரு பக்கம் நழுவியிருந்தது. அதைச் சரிசெய்ய ஒருவரும் கை நீட்டவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள்தான் தப்புச் செய்தவர்கள்போல.

"வீடு மாறலக்கா. நான்தான் சொன்னேன்," என்றாள் கலையரசி. குரல் வேறு யாருடையதோபோல வந்தது.

"என்ன சொன்ன?"

"அண்ணன் செத்துட்டார்னு."

யாரோ இருமினார்கள். வேலு சிரிக்கத் தொடங்கி, மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"ஏன்?" ரேணுகாம்பாள் கேட்டாள். அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"இவங்க இங்க வந்து பாட்டுப் பாடக் கூடாதுன்னு. நாங்க... நாங்க சர்ச்சுக்குப் போறவங்கக்கா. நீங்க கேட்டப்ப சொல்லல."

"பாடினா இன்னா? வருஷா வருஷம் முக்கு வீட்டு டீச்சர் வீட்டுக்கு வந்து பாடறாங்க. நான் போயி கேக்கு துன்னுட்டு வரேன். அதுக்கு எம் புருஷன சாவடிச்சியா?"

முக்கு வீட்டு டீச்சர் சர்ச்சுக்குப் போவது தெருவுக்கே தெரியும். அவர்கள் வீட்டில் தொங்கும் நட்சத்திரத்தை ஐந்து வருஷமாக அவளும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். அப்படியானால் இத்தனை நாள் ஒளித்து வைத்தது எதை? வேதாகமத்தை இல்லை. கண்ணமங்கலத்தில் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்து வந்தவர்கள் தேடிப் போன அந்த இடத்தை. மேளம் தட்டிக் காய்ப்பு ஏறிய ஒரு கையை. புடவைக்கு அடியில் வைத்துப் பீரோவைப் பூட்டியது அப்பாவைத்தான். நினைக்க நினைக்க உடம்பு கூசியது. தெருவில் துணி இல்லாமல் நிற்கும் கனவு வருமே, அப்படி.

"ஆஸ்பத்திரி வராண்டாவுல பதினோரு நாள் படுத்துகெடந்தேன்டி. அந்த நாள்ல நீதானே எனக்கு ரசம் வெச்சி எடுத்துகினு வந்த? அந்த வாயால எப்படிடி சொன்ன?" ரேணுகாம்பாளின் குரல் உடைந்தது. அதுவரை பாசமாக 'கலை' என்றே கூப்பிட்டவள். இந்த 'டி' புதிது.

"வுடு ரேணு. செத்தான்னு பொய்ச் சேதி வந்தா ஆயுசு கூடும்னு எங்கம்மா சொல்லும். மாலையும் வந்துடுச்சி, கழுத்தக் காட்டட்டுமா?"

"வாய மூடுங்க நீங்க!"

அப்போது சந்திலிருந்து தேய்க்கிற சத்தம் கேட்டது. அம்மணி வாக்கரை ஊன்றி, கட்டுப்போட்ட காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வந்துகொண்டிருந்தாள். ஊன்றக் கூடாத கால். வந்து நின்றவள் வாக்கரை விட்டு இரண்டு கையையும் கூப்பினாள். தள்ளாடினாள். பன்னீர்செல்வம் மாலையைப் பக்கத்திலிருந்தவரிடம் தள்ளிவிட்டு ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டார்.

"மன்னிச்சிடும்மா. எம் பொண்ணு தப்புப் பண்ணிட்டா. தாலி பாக்கியத்தோட இருக்கற உன் வாசல்ல சொல்லக் கூடாத வார்த்தைய சொல்லிட்டா. நான்தான் இவங்கள வரச் சொன்னது. எம் வீட்டுக்காரரு போயி இது மொத கிறிஸ்மஸ். அவரு பேர ஒருவாட்டி கூப்பிடணும். அதுக்குத்தான்."

அம்மா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். தொண்டை கட்டியது என்றது பொய் என்பதும் இப்போது தெரிந்திருக்கும். வாழ்நாளில் அம்மா யார் முன்னாலும் கை கூப்பி நிற்பதைப் பார்க்கக் கூடாது என்றுதான் படித்தேன், வேலைக்குப் போனேன் என்று கலையரசி தனக்குள் பெருமையாகச் சொல்லிக்கொள்வது வழக்கம்.

ரேணுகாம்பாள் அம்மணியின் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "நீங்க ஏம்மா கும்பிடறீங்க," என்றாள். பிறகு பன்னீர்செல்வத்தைப் பார்த்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க. நேரா வந்திருந்தா உள்ள கூப்ட்டு டீ போட்டுக் கொடுத்திருப்பேன். இன்னிக்கு என் வாசல்ல பாட்டு வேணாம். மாலைய எடுத்துகினு வந்து நின்ன எடம். என் மனசு கேக்கல. சுத்திப் போடணும்."

மறுத்துப் பேச நியாயமில்லை. ஐந்து வருஷமாக எதற்குப் பயந்தாளோ அது நடந்துவிட்டது. இந்த வாசலில் பாட்டு வேண்டாம் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாள். அதை அவள் வாயில் வைத்தவள் கலையரசி.

ரேணுகாம்பாள் புருஷனைக் கிழக்கு முகமாக உட்காரவைக்க உள்ளே அழைத்துப் போனாள். உப்பும் மிளகாயும் தேடுகிற சத்தம் கேட்டது.

"அப்ப நாங்க கெளம்பறோம்மா," என்றார் பன்னீர்செல்வம், அம்மணியிடம் மட்டும். அவருடைய கண்கள் கலையரசி இருக்கும் பக்கம் வரவில்லை. "டீச்சர் வீட்ல காத்துகினு இருப்பாங்க."

"சரிப்பா. போயிட்டு வாங்க." அம்மா சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அந்த மேளத்தை ஒரு தரம் பார்த்தாள்.

கலையரசி பின்போர்ஷனுக்கு ஓடினாள். பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சந்தைத் தாண்டி, வேலு வீட்டு வாசலைத் தாண்டி, தெருவில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் விளக்குக் கம்பத்தின் கீழே போட்டாள்.

"அண்ணே, அம்மாவ இங்க உக்கார வைங்க."

"இங்கயா? நடுத்தெருவுலயா?"

"தெரு யார் வாசலும் இல்லல்ல?"

இரண்டு பேர் அம்மணியைத் தாங்கி வந்து உட்காரவைத்தார்கள். எதிர்வீட்டுத் திரை விலகியது. டிவி சத்தங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. முக்கு வீட்டு டீச்சர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலைகள் முளைத்தன. கலையரசி அம்மாவின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

பன்னீர்செல்வம் துண்டை எடுத்து மேளத்தை மாட்டிக்கொண்டார். ஒரு தட்டுத் தட்டினார். கேட்க வாயெடுத்துத் தயங்கினார். வீடே இல்லாத இடத்தில் வீடு கேட்பது எப்படி?

"இது... யார் குடும்பம்?" என்றார்.

"அம்மணி எஸ்தர்," என்றாள் அம்மா, வாலிபப் பெண்போல.

அடுத்தது கலையரசி. தெரு முழுக்கக் காத்திருந்தது. "கலையரசி ரெபேக்காள்," என்றாள். சத்தம் வரவில்லை. பன்னீர்செல்வம் இரக்கம் காட்டவில்லை. இன்னொரு தட்டுத் தட்டினார். "கேக்கலம்மா."

"கலையரசி ரெபேக்காள்!"

தென்னரசு பெயரையும் சுகன்யா பெயரையும் சொன்னாள். பிறகு அப்பா. அதை அம்மாதான் சொல்வாள் என்று நினைத்தாள். அம்மா திரும்பி, நிமிர்ந்து, மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துரைக்கண்ணு தாவீது," என்றாள் கலையரசி. போதவில்லை என்று தோன்றியது. "படவேடு காலனி."

மேளம் எழுந்தது. இருபது குரல்கள் கண்ணமங்கலத்தில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தன. அம்மணி இரண்டு கையாலும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டியிருந்த விரல்களையும் ஆட்டிக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு பாடினாள். பக்கத்தில் நின்ற கலையரசியும் வாயைத் திறந்தாள். சின்ன வயதில் கத்திய இடம் வந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அழுகை இல்லை. இவ்வளவு பேர் பார்க்கிறார்களே என்ற பழைய கூச்சமேதான். அப்பாவின் பெயரைச் சொல்லிவிட்டதால் அது போய்விடும் என்று நினைத்திருந்தாள். போகவில்லை. கூச்சத்தோடேயே நின்றாள், பாட்டு முடியும்வரை.

முடிந்ததும் டீச்சர் அழைத்தாள் என்று எல்லாரும் முக்கு வீட்டுக்கு நகர்ந்தார்கள். பன்னீர்செல்வம் அம்மணியிடம் தலையை நீட்டினார். அம்மணி தொட்டு ஆசீர்வதித்தாள். அவர் கலையரசியைத் தாண்டி மேளத்தோடு போனார்.

தெருவில் நாற்காலியும் அம்மாவும் அவளும் மிஞ்சினார்கள். ஒற்றைக் காலில் அவ்வளவு தூரம் வந்ததில் அம்மாவுக்கு வலி எடுக்க ஆரம்பித்துவிட்டது. வாக்கரை ஊன்ற முடியவில்லை. கலையரசி குனிந்து நாற்காலியின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்தாள். அது சாய்ந்தது. முக்கு வீட்டில் போய் ஆளைக் கூப்பிட நா எழவில்லை.

"நான் வரட்டா?" என்று வேலு வாசலிலிருந்து குரல் கொடுத்தார். நெற்றியில் புதிதாக விபூதி இருந்தது.

"உக்காருங்க பேசாம. ஸ்டென்ட் வெச்ச ஒடம்பு," என்று ரேணுகாம்பாளின் குரல் அதட்டியது.

அவள் வந்தாள். கையில் இன்னும் உப்பின் ஈரம் இருந்தது. கலையரசியின் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியின் அந்தப் பக்கக் கைப்பிடியைப் பிடித்தாள். இரண்டு பேரும் தூக்கினார்கள். அம்மணி நடுவில், யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்பதுபோலத் தன்னைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சந்து குறுகலானது. ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால்தான் நடக்க வேண்டும். கலையரசி பின்னால் நடந்தாள்.

"அக்கா," என்றாள்.

ரேணுகாம்பாள் திரும்பவில்லை.

"அக்கா, நான்..."

"காலப் பாரு," என்றாள் ரேணுகாம்பாள். "செவுத்துல இடிக்கப் போவுது. மொதல்ல அவங்க கால காப்பாத்து."

கலையரசி நாற்காலியைச் சுவரிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டாள்.